சக்கரம் இருந்தும் நகராத கடை

உணவு வண்டி எனப்படுவது அடுப்பு, கல், பாத்திரம், மாவு, முதலாளி ஆகிய ஐந்தையும் ஒருங்கே சுமந்துகொண்டு, பசி இருக்கும் இடத்தைத் தேடிச் செல்லக்கூடிய உணவகமாகும். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1872ஆம் ஆண்டு வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் இரவு உணவு விற்கத் தொடங்கியதை இத்தொழிலின் தொடக்கமாகக் கூறுவர். 2008இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராய் சோயின் 'கோகி' வண்டி, தான் இன்றிரவு நிற்கப்போகும் தெருவை டுவிட்டரில் அறிவிக்க, வாடிக்கையாளர்கள் அதைத் துரத்திச் சென்று உண்டனர். அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையத்தில் இந்த முறை செல்லுபடியாகாது. மாலை ஏழு மணிக்கு வழக்கமான இடத்தில் இட்லி வண்டி காணப்படவில்லை என்றால், இங்குள்ள வாடிக்கையாளர் கைப்பேசியை எடுத்துத் தேடுவதில்லை; கடைக்காரர் வீட்டில் கல்யாணமோ, காரியமோ என்று பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டு, அங்கேயே பரோட்டாவுக்குச் சொல்லிவிடுகிறார். மறுநாள் இட்லி வண்டி திரும்பி வந்தாலும் அவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இத்தொழிலின் கவர்ச்சி எளிதில் விளங்கக்கூடியது. கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. மேசை, நாற்காலி, மின்விசிறி என்று முதல் முடங்குவதில்லை. பட்டுத் தறியில் பகல் முழுவதும் அமர்ந்து எழுந்த நெசவாளருக்கும், சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநருக்கும், முந்திரித் தோப்பிலிருந்து திரும்புவோருக்கும் மாலைப் பசி என்பது நாள் தவறாமல் வரும் விருந்தாளி. ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம், ராமநவமித் திருவிழாவுக்குக் கல்லங்குறிச்சி என்று வண்டியை ஓட்டிச் சென்று ஒரு மாத வியாபாரத்தைச் சில நாட்களில் முடித்துவிடலாம் என்னும் கணக்கும் காகிதத்தில் சரியாகவே வருகிறது. அதே கணக்கை அரியலூர் மாவட்டத்து வண்டிக்காரர்கள் அனைவரும் போட்டு, ஒரே இரவில் ஒரே தேரடியில் வரிசையாக நின்று, ஒருவர் காளான் வறுவலை மற்றவர் முகர்ந்துகொண்டிருப்பது மட்டும் காகிதத்தில் வருவதில்லை.

தள்ளுவண்டியிலிருந்து ஒரு படி உயர விரும்புவோர், மக்கள் வழக்கில் 'குட்டி யானை' எனப்படும் டாட்டா ஏஸ் வண்டியை வாங்குகின்றனர். சரக்கு ஏற்றும் வண்டியைச் சமையலறையாக மாற்றுவதற்கு, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவு செய்யும் அலுவலரின் ஒப்புதல் வேண்டும். உணவு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தனி. அடுப்புக்கு வீட்டுச் சிலிண்டரான 14.2 கிலோ ஆகாது, வணிகப் பயன்பாட்டுக்குரிய 19 கிலோ சிலிண்டரே ஆகும். டீசல், காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, பெயரில் குட்டியாயினும் தீனியில் அது முழு யானையே என்பது உரிமையாளருக்குத் தெரியவருகிறது. இவை எல்லாவற்றையும் கடந்தவரையும் நிறுத்திவிடுவது தண்ணீர். தட்டு கழுவ, கை கழுவ, குடிக்க என்று மூவகைத் தண்ணீரையும் குடத்திலும் கேனிலும் சுமந்து வர வேண்டியிருப்பதால், குழாய் இருக்கும் இடமே கடை இருக்கும் இடம் என்றாகி, யானை அங்கேயே கட்டப்பட்டுவிடுகிறது. லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசி சட்னியின் சேர்மானப் பட்டியலில் இல்லாவிட்டாலும், காற்றடிக்கும் நாட்களில் அது கேளாமலேயே சேர்ந்துகொள்கிறது.

வண்டி ஒரே இடத்தில் நின்றுவிடும் இந்நிலையைச் சட்டமும் அறியாததன்று. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காப்பதற்காக இயற்றப்பட்ட 2014ஆம் ஆண்டுச் சட்டம், விற்பவரும் வாங்குவோரும் வழக்கமாகக் கூடும் இடத்தை 'இயல்புச் சந்தை' என்றே ஏற்றுக்கொள்கிறது. சான்று பெற்ற வியாபாரியை இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால், அமைச்சர் ஒருவரின் கார் அவ்வழியே வருகிறது என்ற செய்தி எட்டியதும் இந்த முப்பது நாட்கள் ஒரு தோசை வேகும் நேரமாகச் சுருங்கிவிடுகின்றன. அந்த ஒரு வேளையில்தான் உணவு வண்டி தன் சக்கரங்களின் பயனை முழுமையாக உணர்கிறது. பாதி வெந்த முட்டை தோசையும், காசு கொடுத்துவிட்டுத் தட்டோடு பின்னால் நடக்கும் வாடிக்கையாளரும் அதனுடன் சேர்ந்து நகர்கின்றனர்.

உணவுப் பொருளுக்கும் வரி கேட்போருக்கும் இடையிலான உறவு இவ்வூருக்குப் புதிதன்று. இங்குள்ள பயறணீசர் கோயிலின் பெயருக்குச் சொல்லப்படும் கதையில், மிளகு மூட்டைகளுடன் வந்த வணிகர் ஒருவர் சுங்கத்துக்கு அஞ்சி அவற்றைப் பயறு என்று சொல்லிவிட, அவை உண்மையிலேயே பயறாகிவிட்டன. பின்னர் இறைவனை வேண்டியே அவர் மிளகைத் திரும்பப் பெற்றார். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த' என்னும் சிறப்புப் பெயரைப் பெற்றவன். ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து, திருவிழாத் திடலில் தரை வாடகைச் சீட்டைக் கிழித்து நீட்டுபவரிடம் அவன் பெயரைச் சொல்லிப் பயனில்லை. சிக்கன் பக்கோடாவைப் பயறு என்று சொல்லிப் பார்ப்பதும் ஆபத்து. பலித்துவிட்டால் அன்றைய வியாபாரம் போய்விடும்.

ஆகவே, குட்டி யானை வாங்க எண்ணும் இளைஞர்கள், நிறுத்தப் போகும் இடத்தில் ஒரு வாரம் மாலை ஆறு மணிக்குச் சும்மா நின்று, குழாய் எவ்வளவு தூரம், லாரி ஒதுங்க இடம் உண்டா, எதிரில் இருப்பவர் என்ன விற்கிறார் என்பதை விசாரித்து அறிந்து, அதன் பிறகு வங்கிக்குப் போவது நல்லது.