வெங்காயமும் விக்கெட் கீப்பரும்

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு பத்தே முக்கால் மணிக்கு, என் அணியிலிருந்த ஒரே உருப்படியான தொடக்க ஆட்டக்காரரை மைத்துனருக்குத் தாரை வார்த்துவிட்டு, ஈடாக இரண்டு ஆல்ரவுண்டர்களைப் பெற்றுக்கொண்டேன். மறுநாள் மாலை டாஸ் போடும் வேளையில், அவ்விருவரில் ஒருவர் தொடைத்தசைப் பிடிப்பினால் ஓய்விலிருப்பதும், மற்றவர் தண்ணீர் பாட்டில் சுமக்கும் திருப்பணியில் அமர்த்தப்பட்டிருப்பதும் தெரிய வந்தன. புலம்புவது என் நோக்கமன்று. கற்பனை அணி கட்டுவதிலும் வீரர்களைப் பண்டமாற்றுச் செய்வதிலும் பல வருஷ அனுபவத்தின் சாரமாக நான் கண்டுபிடித்திருக்கும் மூலவிதி ஒன்று உண்டு. அதை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் அவா.

மைத்துனரின் வாதம் மிக எளிமையானது. “ஒண்ணு கொடுத்து ரெண்டு வாங்குறீங்க அத்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார். நான் தயங்குவதைக் கண்டதும் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்த ஜடேஜாவையே சென்னைக்காரர்கள் 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனை வாங்கிக்கொள்ளவில்லையா, அவர்களுக்கு இல்லாத பாசம் உங்களுக்கு என்ன என்றார். மனம் இளகிச் சம்மதித்துவிட்டேன். சென்னைக்காரர்கள் ஜடேஜாவோடு சாம் கரனையும் சேர்த்து, இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கினார்கள் என்பதும், நான் செய்தது அதற்கு நேர் தலைகீழ் என்பதும் இரவு இரண்டு மணிக்குத்தான் உறைத்தன.

இதற்கு என் மூளையைக் குறை சொல்வது தகாது. நான் வசிக்கும் ஊரைத்தான் சொல்ல வேண்டும். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிற்று. ஆனால் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் சமையலறையில் வெங்காயம் என்கிற நியதி மாறவில்லை. சென்னைக்கும் எங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல்; கப்பல் புறப்பட்டால் மூன்று நாள்; புறப்படுமா என்பது வருண பகவானின் சித்தம். இத்தகைய தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு, ஒன்று இருக்கும் இடத்தில் மூன்றை வாங்கி அடுக்கிவைப்பது ஜன்ம சுபாவம். என் தாயார் ஒரு மூட்டை வெங்காயம் போதும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை, பரண்மேல் ஒரு மூட்டை, இவ்விரண்டும் அழுகினால் உதவட்டும் என்று பக்கத்து வீட்டில் ஒரு மூட்டை. நானும் அவ்வழியே என் அணியில் மூன்று விக்கெட் கீப்பர்களை வைத்திருக்கிறேன். ஆட்டத்தில் ஒருவரைத்தான் இறக்கலாம். ஆனால் முதலாமவருக்கு விரல் ஒடிந்து, இரண்டாமவருக்குக் காய்ச்சல் கண்டு, அந்தச் சமயம் பார்த்துக் கப்பலும் வராவிட்டால்? கீப்பர்கள் கப்பலில் வருவதில்லை என்று என் மனைவி நினைவூட்டுகிறாள். வெங்காயம் முளைவிட்டாலும் எறியாத குடும்பத்தில் வந்தவன், ஆறு ஆட்டமாக வெளியே உட்கார்ந்திருக்கும் கீப்பரை எப்படி எறிவான்? முளையையும் சேர்த்து வதக்கலாமே என்றுதான் அவனுக்குத் தோன்றும். உருளைக்கிழங்கு, பூண்டு, வேகப்பந்து வீச்சாளர், மண்ணெண்ணெய், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆகிய யாவும் எனக்கு ஒரே இனம். இருப்பு குறைந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் இனம். ஆகவே ஒன்றுக்கு இரண்டு என்று எவரேனும் சொன்ன மாத்திரத்தில், சரக்கு அழுகலா நல்லதா என்று முகர்ந்துகூடப் பாராமல் சாக்கை விரித்துவிடுகிறேன். பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் வம்சத்தில் மூட்டை தூக்கியவர்கள் உண்டே தவிர, மூட்டையை இறக்கியவர்கள் இல்லை.

அமெரிக்காவிலிருக்கும் என் அண்ணன் மகன் இதே ஆட்டத்தைக் கூடைப்பந்தில் ஆடுகிறான். அங்கே ஒன்பது கணக்குகள் பார்க்கிறார்களாம். அவற்றில் ஃப்ரீ த்ரோ போன்ற ஒன்றிரண்டை அடியோடு கைவிட்டு, மிச்சமுள்ளவற்றில் அசைக்கமுடியாத பலத்தைத் தேடுபவனே விவேகியாம். வேண்டுமென்றே தோற்பதற்கு ஒரு சாஸ்திரமா என்று கேட்டேன். “எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கிறவங்கதான் கடைசியில வருவாங்க, சித்தப்பா” என்றான். பெரியவர்களிடம் இப்படிப் பேசும் பிள்ளைகளால்தான் அந்தத் தேசம் முன்னேறியிருக்கிறது போலும்.

2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேரும் வரையில், எங்களுக்குச் செயற்கைக்கோள் இணையமே கதி. ஆடும் பதினொருவர் பட்டியல் கைப்பேசியில் திறப்பதற்குள் மெயின்லேண்டில் நான்கு விக்கெட் விழுந்திருக்கும். அப்போதெல்லாம் தோற்றால் இணையத்தைத் திட்டினேன். சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளைச் சமுத்திரத்தின் அடியில் போட்டு அந்தச் சாக்கையும் பறித்துக்கொண்டார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்தபோதோ, எங்கள் சபை சற்றும் கலங்கவில்லை. அபர்டீன் பஜார் மணிக்கூண்டுக்குச் சமீபத்தில் ஒரு திண்ணை, எட்டுப் பேர், ஒரு நோட்டுப் புத்தகம், தோற்றவர் செலவில் பரோட்டா ஆகியவையே எங்கள் ஸ்தாபனம். சென்ற மூன்று வருஷமாக அந்தப் பரோட்டாவுக்கு யார் பணம் கொடுக்கிறார் என்பது இங்கே அவசியமற்ற விஷயம்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மைத்துனரிடமிருந்து தொலைபேசி. “அந்த ரெண்டு பேரும் உங்களுக்கு எதுக்கு அத்தான்? திருப்பிக் கொடுத்துடுங்க, தொடக்கக்காரரை நானே தந்துடறேன்” என்று, தமக்கையின் கண்டிப்புக்குப் பயந்தோ, மெய்யாகவே மனச்சாட்சி உறுத்தியோ, மிகுந்த பணிவோடு கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். தொடைத்தசை என்றைக்காவது குணமாகும். தண்ணீர் சுமப்பவருக்கும் ஒருநாள் மட்டை பிடிக்க நேரும். இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்க எனக்கென்ன பைத்தியமா?

மூலவிதி ஒன்று சொல்வதாக ஆரம்பத்தில் வாக்களித்தேன். மைத்துனரும் இதை வாசிக்கக்கூடும் என்பதனாலும், கைவசம் அது ஒன்றுதான் இருக்கிறது என்பதனாலும், இப்போதைக்கு அதைப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.