பர்பன் பண்டிதர்

அமெரிக்காவில், கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்தில், மதுக்கடைக்காரர் வந்து பூட்டைத் திறப்பதற்கு அரைமணி முன்னதாகவே கடை வாசலில் நின்றுகொண்டு, சரக்கு லாரி எந்தத் திக்கிலிருந்து வரப்போகிறதோ என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கனவானை நீங்கள் காண நேர்ந்தால், அவரைக் குடிகாரர் என்று எண்ணி அபசாரப்பட்டுவிடாதீர்கள். அவர் பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கியில் பண்டிதர். நல்ல உத்தியோகம், சொந்த வீடு, பொறுமைசாலியான மனைவி முதலிய சகல பாக்கியங்களும் பெற்றவர். கடை திறந்ததும், "ஏதாவது வந்திருக்கிறதா?" என்று ரகசியக் குரலில் கேட்பார். "ஒன்றும் வரவில்லை, ஐயா" என்பார் கடைக்காரர். மேஜைக்கு அடியில் புட்டி இருப்பது கடைக்காரருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பண்டிதருக்கும் தெரியும். ஆகையால் கோபித்துக்கொள்ளாமல், தமக்கு வேண்டாத ஒயின் இரண்டு புட்டி வாங்கி, கடைக்காரருடைய பிள்ளைகளின் படிப்பை அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போவார். இந்த உபசாரம் வருஷக்கணக்கில் நடக்கும்.

விலை உயர்ந்த பர்பனே சிறந்த பர்பன் என்பது அவருடைய சித்தாந்தம். சட்டமோ இந்த விஷயத்தில் அவருக்கு ஒத்தாசை செய்வதாக இல்லை. தானியத்தில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வேண்டும், வீரியத்தைக் குறைக்கத் தண்ணீர் விடலாமே தவிர நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது என்கிற நிபந்தனைகள், பதினைந்து டாலர் புட்டிக்கும் பல ஆயிரம் டாலர் புட்டிக்கும் ஒன்றேதான். கண்ட வஸ்துக்களைக் கலந்து நிறமூட்டி விற்ற வியாபாரிகளின் அட்டகாசம் பொறுக்காமல் 1897-ஆம் வருஷம் இயற்றிய ஒரு சட்டப்படி, ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்து, சர்க்கார் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் நான்கு வருஷமாவது வைத்து, சரியாக 50 சதவிகித வீரியத்தில் அடைத்த சரக்குக்குத் தனி முத்திரை உண்டு. அந்த முத்திரையோடு, எவன் வில்லியம்ஸ் என்னும் பெயரில், வெள்ளை லேபிள் ஒட்டிய புட்டி இன்றைக்கும் இருபது டாலர் சுமாருக்குக் கிடைக்கிறது. பண்டிதர் அதைச் சமையலுக்கு வாங்குவதாகச் சொல்லிக்கொள்வார். அவ்வளவு சமையல் அவர் வீட்டில் நடப்பதாகத் தெரியவில்லை.

அவர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதை அங்கே 'தேவதைகளின் பங்கு' என்று பக்தியோடு கணக்கெழுதுகிறார்கள். இருபது வருஷம் காத்திருந்தால் தேவதைகள் பாதிக்கு மேல் தீர்த்துவிட்டிருப்பார்கள். மிச்சத்துக்கு விலை ஏறுவது தர்மந்தான். நாலு வருஷச் சரக்கின் முரட்டுத்தனம் எட்டு, பத்து வருஷத்தில் தணிவதும் வாஸ்தவம். ஆனால் கென்டக்கியின் கோடை வெயிலில் வேகும் கிடங்கின் மேல்தளத்தில், புதிய மரத்தோடு இருபது வருஷம் உறவாடிய பர்பன், பல சமயங்களில் மரத்தையே கடித்தாற்போல் கசக்கும். பண்டிதர் அந்தக் கசப்பை 'கம்பீரம்' என்பார்.

அவர் வீட்டு அலமாரியைப் பார்க்க வேண்டும். புட்டிகளைப் படிப்படியாகக் கொலு வைத்திருக்கிறார். பிளான்டன்ஸ் என்ற பர்பன் 1984-இல் கடைக்கு வந்தது. அதன் மூடியின் மேல் பந்தயக் குதிரையும் அதன்மீது ஒரு வீரனும் உலோகத்தில் வார்த்திருக்கும். மூடிகள் எட்டு விதம். ஒவ்வொன்றிலும் ஆங்கிலப் பெயரின் ஓர் எழுத்து. எட்டையும் வரிசையாக வைத்தால் குதிரை ஓட்டத்தைத் தொடங்கிப் பந்தயத்தையே முடித்துவிடும். பண்டிதரிடம் 'என்' என்ற எழுத்து ஐந்து இருக்கிறது. 'எஸ்' மட்டும் அகப்படவில்லை. மேல்படியில், பட்டுப்பையோடு, பாப்பி வான் விங்கிள் என்ற பர்பன் ஒரு புட்டி. கம்பெனி சொன்ன விலை சில நூறு டாலர். அவர் கொடுத்தது சில ஆயிரம். 2013-இல் கென்டக்கியின் பிராங்க்ஃபர்ட் ஊர் வடிசாலையிலிருந்து இந்தச் சரக்கு பெட்டி பெட்டியாகக் களவு போனதையும், ஆரிகன் மாகாணத்தில் மது இலாகா அதிகாரிகளே இதைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்ட விவகாரம் 2023-இல் வெளிப்பட்டுச் சந்தி சிரித்ததையும், பெருமை பொங்க விவரிப்பார். ருசி எப்படி என்று கேட்டீர்களோ, பதில் வராது. அவர் அதைத் திறந்ததில்லை.

ஒருநாள் மைத்துனர் ஐந்து கிண்ணங்களில் பெயர் சொல்லாமல் ஊற்றி வைத்தார். பண்டிதர் முகர்ந்து, சுழற்றி, கண்ணை மூடி, நாலாவது கிண்ணத்தைச் சிரேஷ்டம் என்று தீர்ப்பளித்தார். "அது உங்கள் சமையல் சரக்கு" என்றார் மைத்துனர். வேறொருவராயிருந்தால் நாணித் தலை குனிந்திருப்பார். பண்டிதரோ, "உலகம் அறியாத ரத்தினத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன்!" என்று எழுந்து நின்றார். மறுநாளே ஒரு பெட்டி வாங்கினார்; சக பண்டிதர்கள் அனைவருக்கும் சேதி சொன்னார்.

விபரீதம் இங்கேதான் தொடங்குகிறது. இப்படிப்பட்ட பாராட்டு என்ன செய்யும் என்பதற்கு உதாரணமாக, வெல்லர் என்று ஒரு பர்பன் உண்டு. பாப்பியை வடிக்கும் அதே வடிசாலையில், ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்க்கும் அதே பக்குவத்தில் வடிப்பது. அதன் பன்னிரண்டு வருஷத்துப் புட்டி சாதாரண விலையில், சாதாரண மனிதர்கள் வாங்கும்படியாக, கடைகளில் சும்மா கிடந்தது. 'ஏழையின் பாப்பி' என்று பண்டிதர்கள் அதற்கு நாமகரணம் செய்தார்கள். அவ்வளவுதான், ஏழைக்கு அது கிடைக்காமல் போயிற்று. புட்டிக்குள்ளே ஒன்றும் மாறவில்லை. விலைதான் பல மடங்காயிற்று. மலிவான பர்பனுக்கும் உயர்ந்த பர்பனுக்கும் நடுவே பெரும்பாலும் நிற்பது இந்தக் கனவானுடைய பாராட்டுத்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் என்றேனும் கென்டக்கிப் பக்கம் போய், கடையின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கும் ஒரு மலிவுப் புட்டியை வாங்கி, அது வாய்க்கு இதமாக இருப்பதாகக் கண்டால், தாராளமாக அருந்துங்கள். பண்டிதர் வந்து கேட்டால் மட்டும், சகிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.