நேர்மை: மைனஸ் பத்து

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டில் ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், அவ்வப்போது சாவார்கள். பாத்திரத்தின் நிறைகுறைகள் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களை யார் முடிவுசெய்வது என்பதுதான் ஐம்பது ஆண்டுகளாகத் தீராத வழக்கு.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் முடிவுசெய்தது பகடை. மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை ஓர் எண் வரும், அதுதான் உடல்வலு. அறிவு, விவேகம் என்று ஆறு குணங்களுக்கும் இதே கதை. மந்திரவாதியாக ஆசைப்பட்டவருக்கு அறிவில் 5 விழுந்தால் அது தலையெழுத்து. குறைகளைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. அவை அழைக்காமலே வந்தன. நிறைகள்தான் வரத் தயங்கின.

1981இல் வந்த சாம்பியன்ஸ் என்ற சூப்பர் ஹீரோ விளையாட்டு தலையெழுத்தை வரவுசெலவுக் கணக்காக மாற்றியது. ஆட்டக்காரர் தன் பாயின்ட்களைக் கொடுத்துச் சக்திகளை வாங்கலாம். பற்றாக்குறை என்றால் சில குறைகளை ஏற்றுக்கொண்டு மேலும் பாயின்ட் பெறலாம். 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட கர்ப்ஸ், மனிதக் குணங்கள் அத்தனைக்கும் விலைப்பட்டியல் போட்டது.

2004இல் வந்த அதன் நான்காம் பதிப்பின் பட்டியல், ஆற அமரப் படிக்க வேண்டியது. பார்வையின்மை மைனஸ் 50, அதாவது ஏற்பவருக்கு 50 பாயின்ட் வரவு. ஒற்றைக் கண் மைனஸ் 15. முன்கோபம் மைனஸ் 10. சட்டத்தை மீற மனம் வராத நேர்மையும் அதே மைனஸ் 10. சுயநலத்துக்கு மைனஸ் 5, தன்னலமின்மைக்கும் மைனஸ் 5. பேராசைக்காரருக்கும் தருமசிந்தனை உள்ளவருக்கும் ஒரே விலை, மைனஸ் 15. நீதிநூல்களில் வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்கக்கூடும். ஆனால் இந்தக் கணக்கு நல்லது கெட்டது பார்ப்பதில்லை. ஆளின் கையைக் கட்டிப்போடுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இல்லையென்று சொல்லத் தெரியாமல் கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்த கர்ணனை நினைத்தால், தருமத்துக்கு மைனஸ் 15 குறைவு என்றே தோன்றும்.

குணத்தின் வீரியத்துக்கும் தனி விலை உண்டு. மூன்று பகடைகளில் 12 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் கோபம் அடங்கும் என்பது சாதாரண விலை. 6 அல்லது அதற்குக் கீழே விழுந்தால்தான் அடங்கும் என்றால் இருமடங்கு. இருமடங்கு வாங்கியவரைச் சமாதானம் பேச அனுப்பக் கூடாது.

விலை என்று வந்துவிட்டால் பேரமும் வந்துவிடும். ஆடித் தள்ளுபடிக்குக் கிளம்பிய குடும்பத்தின் உறுதியோடு ஆட்டக்காரர்கள் வலிக்காத குறைகளைத் தேடிப் புறப்பட்டார்கள். பாலைவனத்தில் நடக்கும் கதையில் ஒருவருக்குக் கடல் என்றால் பயம். வில்லும் வேலுமான காலத்தில் இன்னொருவர் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்திருப்பார். இன்னும் கெட்டிக்காரர்கள் குடும்பத்தையே ஒழித்துக்கட்டுவார்கள்: அப்பா இல்லை, அம்மா இல்லை, பிறந்த ஊரும் எரிந்துபோயிற்று. எல்லாம் முன்னெச்சரிக்கைதான், தங்கை என்று ஒருத்தி இருந்தால் கேம் மாஸ்டர் அவளைக் கடத்திவிடுவார். கற்பனை உலகச் சாராயக்கடைகளின் மூலைகளில் கறுப்பு அங்கி போட்ட அநாதைகள் இவ்வளவு பேர் உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

குறைக்குப் பாயின்ட் தராத முறைகளும் தப்பவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 27 பாயின்ட் கொண்டு பாத்திரம் அமைக்கும் வழி ஒன்று உண்டு. எல்லாக் குணமும் 8இல் தொடங்கும். உடல் சார்ந்த மூன்றையும் 15க்கு ஏற்றி, அறிவையும் விவேகத்தையும் வசீகரத்தையும் 8லேயே விட்டால் கணக்கு மிச்சமின்றி நேராகும். தாளில் இவர் மந்தபுத்தி மல்லன். மேசையிலோ போர்த்திட்டம் வகுப்பதே இவர்தான், ஏனென்றால் இவரை ஆடுபவர் பொறியியல் பட்டதாரி. கணினி இவ்வளவு தாராளம் காட்டாது. கர்ப்ஸ் விதிகளோடு தொடங்கி, பிறகு சொந்த விதிகளோடு 1997இல் வெளிவந்த ஃபால்அவுட் என்ற கணினி விளையாட்டில் அறிவை 4க்குக் கீழே வைத்தால், பாத்திரம் உறுமலும் முனகலுமாகத்தான் கதை முழுக்கப் பேசும்.

பேரத்துக்குக் கடிவாளங்களும் போடப்பட்டன. தொல்லை தராத குறைக்குப் பாயின்ட் இல்லை என்பது ஒன்று. மொத்தக் குறைகள் தொடக்கப் பாயின்ட்டில் பாதியைத் தாண்ட வேண்டாம் என்பது கர்ப்ஸ் சொல்லும் உத்தேச வரம்பு. அதற்கு மேல் தலா மைனஸ் 1 வீதம் ஐந்து சின்ன விசித்திரங்கள் சேர்த்துக்கொள்ளலாம்: ஆறிய காபியைத் தொடமாட்டார், குதிரையிடம் யோசனை கேட்பார். ஆட்டம் முடிந்த பிறகும் பேசப்படுவது இந்த ஒற்றைப் பாயின்ட் சரக்குதான். மைனஸ் 15கள் மறந்துவிடும்.

உருப்படியான மாற்றம், பணம் கொடுக்கும் நேரத்தை மாற்றியதுதான். 2013இல் வந்த ஃபேட் கோர் என்ற விளையாட்டில் குறைக்கு முன்பணம் கிடையாது. ஒவ்வொரு பாத்திரமும் தன் தீராத தொல்லை எது என்று எழுதிவைக்க வேண்டும். அது கதையில் வம்பை இழுத்துவிடும்போது ஒரு ஃபேட் பாயின்ட் கைக்கு வரும். வம்பு வேண்டாமென்றால் கையிலிருப்பதில் ஒன்றைக் கொடுத்துத் தப்பலாம். விளைவு, தங்கையை ஒழித்துக்கட்டிய அதே ஆட்கள், தங்கையை இன்னும் யாரும் கடத்தவில்லையா என்று கேம் மாஸ்டரை நச்சரிக்கிறார்கள்.

எந்த முறையானாலும் பலத்தோடு ஒட்டிப் பிறந்த குறையே மேசையில் நன்றாக ஓடுகிறது. நாட்டிலேயே சிறந்த வாள்வீரர், ஆனால் சவாலுக்கு இழுத்தால் மறுக்கத் தெரியாது என்றால் கேம் மாஸ்டருக்கு அன்றைய வேலை பாதி முடிந்தது. மோசமானது, விலையை மற்றவர்கள் கட்டும் குறை. திருட்டுக் கைக்கு மைனஸ் 15 வாங்கிக்கொண்டவர் கூட்டாளிகளின் பணப்பையையே முதலில் துழாவுவார். பிடிபட்டால், தன் பாத்திரம் அப்படித்தான் செய்யும் என்பார். இதைத் தவிர்க்க உதவுவது, ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடித் தங்கள் தாள்களைப் பேசித் தீர்க்கும் செஷன் ஜீரோ என்ற வழக்கம். அதையும் மீறித் திருடினால், தங்கள் பாத்திரங்களும் இப்படித்தான் செய்யும் என்று சொல்லி, அடுத்த ஊர்ச் சத்திரத்தில் அவரைத் தூங்கவிட்டுக் கிளம்ப மற்றவர்களுக்கு முழு உரிமை உண்டு. அவர் புதுத் தாளோடு வரலாம்.