எடுத்த எடுப்பிலேயே வரலாறா?

கேள்வி: நான் எழுதிய பைத்தான் தொகுப்பு நன்றாகத்தான் ஓடுகிறது. அதற்கு ஓர் அறிமுகக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் மட்டும் கை ஓடவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு வாசகர், ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: உங்கள் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் யாராவது சேர்வராயன் கோயிலுக்கு வழி கேட்டால், கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்த கதையிலிருந்தா ஆரம்பிப்பீர்கள்? கையை நீட்டி, "இந்தப் பக்கம்" என்பீர்கள். மென்பொருள்காரர்களோ முதல் மூன்று பக்கத்துக்குக் காக்பர்ன் கதைதான் எழுதுகிறார்கள்.

உங்கள் குறிப்பைப் படிக்க வந்தவர் ஐந்து நிமிடத்தில் எதையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தமிழ் எழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன்-தமிழ்' பைத்தான் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் எழுதினால் உங்கள் ஊர்ப் பெயரைத்தான் உதாரணமாக வைப்பேன். 'ஏற்காடு' எத்தனை எழுத்து என்று பைத்தானின் 'லென்'னிடம் கேட்டால் 7 என்று சொல்லும். 'ற்' மேல் இருக்கும் புள்ளி, 'கா'வின் கால், 'டு'வின் உகரக்குறி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் தலை எண்ணும். ஓப்பன்-தமிழின் 'கெட்_லெட்டர்ஸ்' ஏ, ற், கா, டு என்று நாலாகப் பிரித்துக் கொடுக்கும். தொகுப்பு எதற்கு என்று இதற்கு மேல் விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று. நிறுவும்போது பெயர் 'ஓப்பன்-தமிழ்'. இம்போர்ட் செய்யும்போது வெறும் 'தமிழ்'. எழுதியவருக்கு இது பழகிப்போயிருக்கும், புதியவர் இங்கேதான் தலையைப் பிய்த்துக்கொள்வார். இந்த மாதிரி இடங்களைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

முடித்ததும் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாயை மட்டும் திறக்காதீர்கள். "இது ரொம்ப ஈஸி" என்று எங்காவது எழுதியிருந்தால் உடனே அடித்துவிடுங்கள். ஈஸியாக இருந்தால் அவர் எதற்கு உங்கள் குறிப்பைப் படிக்கிறார்?