தொண்ணூற்றொன்பது ஐயா

பங்குனி பிறந்தால் இவருக்கு வீட்டில் கால் தரிக்காது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தலையில் தொப்பி, தோளில் ஃபிளாஸ்க், கழுத்தில் விசில். (விசில், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரிடம் இரவல் வாங்கியது. இன்னும் திருப்பவில்லை.) "காட்டுப்பூ பார்க்கப் போறோம், வர்றீங்களா?" என்று பத்துப் பேரை வேனில் அள்ளிப்போட்டு, விடியற்காலையில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இறக்கிவிடுவார்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூவும் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். மூச்சுவிடாமல் சொல்வார். நடுவில் யாராவது தும்மிவிட்டால் மறுபடி காந்தளிலிருந்து ஆரம்பிப்பார். பெயர்கள் அத்துப்படி, பூக்கள்தான் அறிமுகமில்லை. பத்திரிகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் மாப்பிள்ளையைத் தேடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அதே முழி.

இந்த முறை நாங்கள் போனபோது, பாதையோரப் புதரில் மஞ்சளும் ரோஸுமாகப் பூங்கொத்து. "தளவம்!" என்று கைகூப்பினார். கூட வந்த பையனின் செல்போன், லன்டானா என்றது. "அது வெள்ளைக்காரன் வச்ச பேரு, தம்பி." பேர் மட்டுமா, செடியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பிறகு காட்டையே வளைத்துக்கொண்ட உண்ணிச்செடி. ஆடு மாடுகூடப் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும்.

"காந்தள் எங்கேங்க ஐயா?"

"கொஞ்சம் மேலே ஏறணும்."

ஏறினோம், ஒரு மணிநேரம். காந்தள் மழைக்காலத்துப் பூ. பங்குனி வெயிலில் அது மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்க முடியாதவர்கள் நாங்கள்தான். வழியெல்லாம் வேப்பம்பூ உதிர்ந்து தொப்பியில் விழுந்தது, தட்டிவிட்டார். பட்டியலில் இல்லையே! நெருஞ்சியும் இல்லைதான், ஆனால் அது அவர் செருப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒரு திருப்பத்தில் எல்லாரும் நின்றுவிட்டோம். இலையே இல்லாத மரம். கிளை முழுக்கக் கிளிமூக்கு மாதிரி வளைந்த செம்மஞ்சள் பூக்கள். தரையிலும் அதே நிறம். ஐயா முதல்முறையாகப் பேசாமல் நின்றார். பிறகு, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மாவிடம் மெதுவாக, "இது என்ன மரம்மா?"

"புரச மரம் சார். இந்த எலையிலதான் தையல் எல தைப்போம்."

புரசு என்றால் பலாசம். பட்டியலிலேயே இருக்கிறது. அதுகூடப் போகட்டும். ஐயா 40 வருஷமாகக் குடியிருப்பது சென்னைப் புரசைவாக்கத்தில். அந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே இந்த மரம்தான்.

யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் போக வேன் வேண்டுமே! ஐயா விசிலை ஊதினார். "எல்லாரும் குறிச்சுக்குங்க, பலாசம்!"

அடுத்த ஞாயிறு ஏலகிரி. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொண்டுவாருங்கள். சளி, தும்மல் உள்ளவர்கள் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம்.