வில்லியர்ஸ் மாமா

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வட்டாரத்தில் இரண்டு தெருவுக்கு ஒருவராவது இவர் இருப்பார். ரிடையராகிப் பல வருஷம் ஆகியிருக்கும். பிள்ளை அமெரிக்காவில். கையில் மஞ்சள் பை. அதற்குள் பழைய பேப்பரில் சுற்றிய, கரி பிடித்த ஓர் உலோகத் துண்டு. அதற்கு 'சாம்பிள்' என்று பெயர். சட்டைப் பையில் வெர்னியர் காலிபர் எட்டிப் பார்க்கும். சுருக்கமாக, வில்லியர்ஸ் மாமா.

மாமாவின் பூர்வீகச் சொத்து, அப்பா காலத்துப் பங்களாத் தோட்டத்தில் ஓடிய, வில்லியர்ஸ் இன்ஜின் வைத்த அட்கோ புல் வெட்டும் மெஷின். பங்களாவை இடித்து ஃபிளாட் கட்டியாகிவிட்டது. புல்தரை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மற்ற பங்காளிகள் பில்டரிடம் கூடுதலாக ஒரு பாத்ரூம் கேட்டார்கள். மாமா கேட்டது மெஷினை நிறுத்த ஒரு மூலை.

"ஏன்னா, பிள்ளையார் சதுர்த்திக்கு அருகம்புல்லையே மாட வீதியில காசு கொடுத்து வாங்கறோம். இது எந்தப் புல்லை வெட்டப் போறது?" என்று மாமி கேட்டுப் பார்த்தாள். மாமா காதில் வாங்கவில்லை. அவர் கவலையெல்லாம் பிஸ்டன் ரிங்கைப் பற்றி.

சரித்திரம் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். லிஃப்டில் அகப்பட்டால் தப்ப முடியாது. 1898-ல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் சைக்கிள் பெடல் செய்ய ஆரம்பித்த கம்பெனி வில்லியர்ஸ், 1912-லிருந்து இன்ஜின். இது முதல் மாடிக்குள் முடிந்துவிடும். அட்கோ மெஷின் 1921-ல் வந்தது என்பது இரண்டாவது மாடி. மூன்றாவது மாடியில் குரலைத் தாழ்த்தி, "அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம திருவொற்றியூர் என்ஃபீல்டுல அறுபதுகள்ல ஃபேன்டாபுலஸ்னு ஒரு ஸ்கூட்டர் பண்ணினானே, அதுல இருந்தது என்ன இன்ஜின்?" என்பார். கதவு திறந்ததும் ஓடிவிட வேண்டும்.

அந்த ஸ்கூட்டரை நம்பித்தான் அவர் புதுப்பேட்டைக்குப் போகிறார். கூவத்தங்கரையில், உடைத்த வண்டிகளின் உறுப்புகளெல்லாம் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில் அவரைத் தெரியாத கடை இல்லை. தெரிந்ததால்தான் சில கடைகளில் சட்டென்று டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டவர் ஒரு பாய்.

"பாய், வில்லியர்ஸ் பிஸ்டன் இருக்கா?"

பாய் பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து வைக்கிறார். மாமா காலிபரை வைத்துப் பார்க்கிறார். "இது அம்பத்தொம்பது மில்லிமீட்டர். ஃபேன்டாபுலஸ். என்னுது தொண்ணூத்தெட்டு சிசி. அம்பதுதான் வேணும்."

"ஒம்போதுதானே சார் பெர்சு? கிண்டியில லேத்துல குடுத்தா சீவிக் குடுத்துருவான்."

மாமா புண்பட்டுப்போனார். ஆனாலும் பிஸ்டனை வாங்கிக்கொண்டார். இந்த ஜாதி மனிதர்கள் பொருந்தாத பாகத்தை ஒருநாளும் விட்டுவிட்டு வர மாட்டார்கள். இன்று இல்லாவிட்டாலும் அதற்கு ஏற்ற இன்ஜின் என்றைக்காவது கிடைக்காதா? அப்படி வாங்கியவை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் அடைபட்டு, சமையலறை அலமாரியில் துவரம்பருப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஊர்ச் சரித்திரத்தை அவர், பழைய சாமான் கிடைத்த மூர் மார்க்கெட் எரிவதற்கு முன், எரிந்ததற்குப் பின் என்று பிரிப்பார். "1985-ல அது மட்டும் எரியாம இருந்திருந்தா, இதெல்லாம் அரை மணி வேலை" என்பது அவர் முடிவு.

ஒருவழியாக மாற்று ஏற்பாடுகள் நடந்தன. ரிங் ஏதோ ஒரு மொபெட்டினுடையது. கண்டென்சர் ஆட்டோவினுடையது. கேஸ்கெட், மாமா உளியால் தட்டிச் செய்தது. பாயின்ட் இடைவெளி பதினைந்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, இருக்க வேண்டுமாம். அதற்கு அளவுகோல், வீட்டுக்கு வந்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகை. கல்யாணத்துக்குப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஷினைக் கீழே நிறுத்தினார். பழைய டூ ஸ்ட்ரோக் சாஸ்திரப்படி பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். கயிற்றைச் சுற்றி இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். வாட்ச்மேனும் இழுத்தார். திடீரென்று பட்பட்டென்று உயிர் வந்தது. கூடவே புகையும் வந்தது. பார்க்கிங் நிரம்பி, படிக்கட்டில் ஏறி, மூன்றாவது மாடி வரை போனது.

படபடவென்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன. குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு புகைக்குள் ஓடின. மூக்கைத் துண்டால் பொத்தியபடி அசோசியேஷன் செக்ரட்டரி இறங்கி வந்தார். மாமா விளக்கம் சொல்லத் தயாரானார், 1898-லிருந்து.

"ரொம்ப தேங்க்ஸ் சார்! கார்ப்பரேஷனுக்கு எத்தனை மனு போட்டேன், கொசு மருந்து வண்டி வரவே இல்லை. நீங்களே ஏற்பாடு பண்ணிட்டேளே!"

ஒன்பது மில்லிமீட்டர் தப்பைப் பொறுக்காத மாமா இந்தத் தப்பைத் திருத்தவில்லை. இப்போது வாராவாரம் மெஷின் ஓடுகிறது. பெட்ரோல், ஆயில் செலவு 'கொசு ஒழிப்பு' என்ற தலைப்பில் மெயின்டனன்ஸ் கணக்கில் ஏறுகிறது. புதுப்பேட்டைக்கு ஆட்டோ சார்ஜும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறார்.