மருந்துச்சீட்டு உங்கள் கையில்!

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் சான்றுத் தேர்வுக்குப் படிப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த முறை.

கே: ஐ.சி.யு.வில் பழம் தின்று கொட்டை போட்டவள் நான். மாதிரித் தேர்வில் மட்டும் மார்க் வரமாட்டேன் என்கிறதே? (டாலஸ்)

ப: அந்தக் கொட்டைதான் தொண்டையில் சிக்கியிருக்கிறது! நீங்கள் எழுதுவது குடும்ப மருத்துவப் பிரிவு. அங்கே வென்டிலேட்டர் கிடையாது. காதுவலிக் குழந்தையும் சர்க்கரைக்காரத் தாத்தாவும்தான் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், 'டாக்டருக்குத் தகவல் சொல்' என்ற விடையைத் தேடும் உங்கள் கண். நர்ஸ் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வு காலத்துப் பழக்கம் அது. இங்கே மருந்துச்சீட்டு எழுதப் போவதே நீங்கள்தான்.

ஒரு கேள்வியைப் பாருங்கள். எழுபது வயதுப் பாட்டி. இதுவரை இல்லாத தலைவலி. தோசையை மென்றால் தாடை வலிக்கிறது, சீப்பு பட்டாலே நெற்றிப்பொட்டு வலிக்கிறது. (தோசை என் கைங்கர்யம். தேர்வில் இருக்காது.) ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். எகிறியிருக்கிறது. மைக்ரேன் மாத்திரையா, மூளை ஸ்கேனா, பயாப்சி முடிவு வரட்டும் என்று காத்திருப்பதா, உடனே ஸ்டீராய்டா? வார்டு பழக்கம் 'ரிப்போர்ட் வரட்டும்' என்று சொல்லும். ஆனால் இது டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ், அதாவது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சி. ரிப்போர்ட் வருவதற்குள் பாட்டிக்குக் கண் பார்வை போய்விடலாம். பயாப்சி எடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஸ்டீராய்டு அதற்காகக் காத்திருக்காது. நோயின் பெயர் மட்டும் தெரிந்தால் பாதி மார்க் கூடக் கிடையாது. அடுத்து என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

கே: ஏ.ஏ.என்.பி.சி.பி.யா, ஏ.என்.சி.சி.யா? எது சுலபம்? (எடிசன், நியூ ஜெர்சி)

ப: உங்கள் தோழி எழுதாதது எதுவோ, அது! இரண்டுமே சான்று தரும் அமைப்புகள். முதலாவதில் 150 கேள்விகள், 3 மணி நேரம். இரண்டாவதில் 175 கேள்விகள், மூன்றரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் கேள்விக்கு 72 நொடிதான். முதலாவது பெரும்பாலும் நோயாளியைச் சுற்றியே வரும். இரண்டாவதில் ஆராய்ச்சி, சட்டம், நெறிமுறை எல்லாம் எட்டிப் பார்க்கும். ரிசர்ச் வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் முதலாவதற்குப் போகலாம்.

கே: கேள்விப்பட்டே இராத ஒன்றைக் கேட்டுவிட்டால்? (சிகாகோ)

ப: அது மார்க்கே இல்லாத கேள்வியாகவும் இருக்கலாம். 150-இல் 15-ம், 175-இல் 25-ம் வருங்காலத் தேர்வுகளுக்காக வெள்ளோட்டம் விடப்படுபவை. எவை என்று சொல்லமாட்டார்கள். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை என்பதால் ஒன்றையும் காலியாக விடாதீர்கள். ஏதாவது ஒன்றைக் குத்திவிட்டு நகருங்கள்.

கே: இரண்டு விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது? (அட்லாண்டா)

ப: கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். பிறகு வயது, கர்ப்பம், அலர்ஜி மூன்றையும் தேடுங்கள். கேள்வியில் அவை சும்மா வந்து உட்காருவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில் நல்ல மருந்துதான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நடுவில் ஒரு வரி இருந்தால் கதை முடிந்தது. விடையை மாற்றக் காரணம் கிடைத்தால் மாற்றுங்கள். பயம் மட்டும்தான் காரணம் என்றால் மவுசிலிருந்து கையை எடுங்கள்.

கே: சீனியர் அக்கா தந்த நோட்ஸ் போதுமா? (சான் ஹோசே)

ப: அக்கா எந்த வருடம் பாஸ் செய்தார்? மேமோகிராம் 50 வயதில் தொடங்கலாம் என்றிருந்த அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் பரிந்துரை 2024-இல் 40-க்கு இறங்கியது. பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை 2021-இல் 50-லிருந்து 45-க்கு வந்தது. அக்காவின் பாசம் காலாவதி ஆகாது, நோட்ஸ் ஆகும்.

கே: பெயில் ஆகிவிட்டேன். உடனே மறுபடி எழுதலாமா? (ஆஸ்டின்)

ப: உடனே விடமாட்டார்கள். ஏ.என்.சி.சி.யில் 60 நாள் காத்திருக்க வேண்டும். மற்றதில், எதில் சறுக்கினீர்களோ அதில் 15 மணி நேரத் தொடர்கல்வி முடித்துக் காட்ட வேண்டும். அழுது முடித்ததும் மதிப்பெண் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எந்தப் பகுதி காலை வாரியது என்று அதில் இருக்கும். பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்காதீர்கள்.

கே: திருச்சியில் இருந்தபடியே இந்தத் தேர்வை எழுத முடியுமா? (திருச்சி)

ப: முடியாது. நர்ஸ் உரிமத்தோடு, அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்போ முனைவர் படிப்போ வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு நல்ல படிப்பு. ஆனால் அது வேறு பஸ்.

கே: மனைவி படிக்கிறார். கணவனாக நான் என்ன உதவி செய்யலாம்? (சியாட்டில்)

ப: கேள்விகளை வாசித்துக் காட்டுங்கள். சரியான விடையோடு விட்டுவிடாமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். படித்தது தெளிவாக இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். கூகுளைப் பார்த்து நீங்கள் விளக்க ஆரம்பித்தால் சண்டைதான் வரும். அந்த நேரத்தில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணுங்கள்.